மல்லி மஞ்சளாகிறது, எருக்கு மொட்டையாகிறது: வாசனைத் தோட்டத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. மொட்டை மாடியில் இருபத்தைந்து தொட்டிகள், பின்கட்டுத் தரையில் ஒரு பவழமல்லி, ஒரு மனோரஞ்சிதம். முக்கால்வாசி வாசனைச் செடிகள். கூடவே ஒரு வெள்ளெருக்கு, மில்க்வீட் என்ற பெயரில் விதை வாங்கிப் போட்ட சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் சின்னச் செடி மூன்று. இந்தக் கடைசி நான்கும் வாசனைக்காக வைத்தவை அல்ல, பட்டாம்பூச்சிக்காக வைத்தவை. மில்க்வீட்டும் எருக்கின் குடும்பம்தான். சொந்த ஊர் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. ஒடித்தால் அதிலும் பால் வரும்.

தெருவில் யார் வீட்டுச் செடிக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன அடிக்கணும்?" நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. மஞ்சள் பழைய இலையில் தொடங்கியதா, புது இலையிலா? இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு விட்டால் ஈரம் தட்டுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அடிக்கிற எந்த மருந்தும் குருட்டாம்போக்குதான். கையில் ஒரு வெள்ளைத் தாளும் மொபைல் கேமராவும் இருந்தால் போதும். கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் லென்ஸ் தேவையே இல்லை.

மல்லி இலை மஞ்சளாகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். மஞ்சள் ஒன்று போல் தெரிந்தாலும் காரணம் ஐந்தாறு.

நுனியில் இருக்கும் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டது போல் தெரிகிறதா? அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தம் இல்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால், மண்ணில் இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி என்கிற ஃபெரஸ் சல்ஃபேட்டை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் இறங்கிய பிறகு இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, மஞ்சள் போகும்வரை. தரையில் சிந்தினால் துருக்கறை விழும், டைல்ஸில் விழுந்தால் போகவே போகாது. எங்கள் மாடிப்படி அதற்குச் சாட்சி.

மஞ்சள் கீழே, பழைய இலைகளில், நரம்போடு சேர்த்து ஒரே சீராக வருகிறதா? தழைச்சத்துக் குறை. தொட்டியில் ஒரு வருஷத்துக்கு மேல் அதே மண் இருந்தால் இது எதிர்பார்த்ததுதான். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். நாற்றம் இரண்டு நாள் இருக்கும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஊற்றுவது நல்லது.

இலை முழுக்க ஊசியால் குத்தியது போல் வெளிர்ப் புள்ளிகள், தூரத்திலிருந்து பார்த்தால் தூசி படிந்த மஞ்சள். இதற்குத்தான் வெள்ளைத் தாள். இலையைத் தாளின் மேல் தட்டுங்கள். விழுந்த துகள்களில் சில நகர்ந்தால், விரலால் தேய்க்கும்போது சிவப்பாக இழுபட்டால், சிவப்புச் சிலந்தி. பங்குனி, சித்திரை வெயிலில்தான் இது கொழுக்கும். ஹோஸ் குழாயால் இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், நான்கு நாளைக்கு ஒரு தடவை. முக்கால்வாசி அதிலேயே அடங்கும். அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்த கையோடு கந்தகம் அடிக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது, இலை மஞ்சளாகி உதிர்கிறது. இங்கேதான் பலர் செடியைக் கொல்கிறார்கள். வாடுகிறதே என்று இன்னொரு குடம் ஊற்றுவார்கள். தொட்டியைச் சாய்த்துச் செடியை வேரோடு எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும், இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறை போல் கழன்று வரும், சாக்கடை நாற்றம் அடிக்கும். அழுகியதை வெட்டி எறிந்து, செம்மண், மணல், மக்கிய உரம் சம அளவு கலந்த புது மண்ணில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) சேர்த்து நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். தொட்டியின் அடி ஓட்டையைக் குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள். பத்துக்கு ஆறு தடவை குற்றவாளி அந்த அடைத்த ஓட்டைதான்.

எடுத்த வேரில் மிளகு அளவு முடிச்சு முடிச்சாக இருந்தால் அது அழுகல் இல்லை, நூற்புழு. அவரைச் செடி வேரில் முடிச்சு நல்லது, மல்லி வேரில் முடிச்சு கெட்டது. ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கை மண்ணில் கலந்து, செடியைச் சுற்றிச் செண்டுமல்லி நடுங்கள். அந்தத் தொட்டி மண்ணை மட்டும் வேறு எந்தத் தொட்டியிலும் கொட்டிவிடாதீர்கள்.

இலையின் ஓரம் மட்டும் காய்ந்து சுருள்கிறது, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றால் உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாதம் ஒரு நாள் தொட்டி நிறைய ஊற்றி, அடியில் ஓட விடுங்கள். வேறு மருந்து இதற்குக் கிடையாது.

மொட்டு ஊதா நிறமாகிறது, விரியாமல் உதிர்கிறது

வெள்ளையாக இருக்க வேண்டிய மல்லி மொட்டு ஊதாவாக மாறினால் உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். நகத்தால் மொட்டைப் பிளந்து பாருங்கள்.

கருந்தலையோடு வெளிர்பச்சைப் புழு ஒன்று, மொட்டில் ஊசித் துளை, பக்கத்து மொட்டோடு சேர்த்து மெல்லிய நூலால் கட்டியிருக்கிறது என்றால் மொட்டுப்புழு. ஒரு கொத்தில் ஒரு புழு இருந்தாலே மொட்டு மொட்டாகத் துளைத்துக்கொண்டு போகும். மொட்டின் காம்புப் பக்கம் மட்டும் உப்பி, உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிப்புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. இது கொசுவை விடச் சின்னது, முட்டை மொட்டுக்குள் இடும், புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே. கெட்ட மொட்டுகளையும் கீழே உதிர்ந்ததையும் தினமும் காலையில் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் நீங்களே பண்ணை வைத்த மாதிரி. மொட்டு ஈ என்றால் தொட்டியின் மேல் மண்ணை ஒரு அங்குலம் கிளறி வெயில் காட்டுங்கள். அப்புறம் வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. மொட்டு கடுகு அளவில் இருக்கும்போதே தெளிக்கத் தொடங்க வேண்டும். ஊதா ஆன பிறகு அடிப்பது நம் மனத் திருப்திக்குத்தான்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல் பற்றி எல்லோரும் சொல்வார்கள். தளிரில் அப்பிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு ஓரளவு கேட்கிறது. மொட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு அது எட்டுவதே இல்லை.

செடி செழிப்பு, பூ மட்டும் இல்லை

குண்டுமல்லியாக இருந்தால் நான் கேட்பது: கடைசியாக எப்போது கவாத்து செய்தீர்கள்? புதுக் கிளையில்தான் பூ வரும். வயலில் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். சென்னைப் பக்கம் அப்போது மழை விடாது, ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். அதனால் நான் கார்த்திகை தீபம் முடிந்து நாலு நாள் வெயில் கண்ட பிறகு கத்திரியை எடுக்கிறேன். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மனசே வராது, ஆனாலும் வெட்டுங்கள். மார்ச் தொடங்கிப் பதில் வரும். வெட்டியும் பூ இல்லை என்றால் வெயில் போதவில்லை. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். யூரியாவைக் கொட்டியிருந்தாலும் இலைதான் வரும்.

நிலச்சம்பங்கி புல் மாதிரி அடர்ந்து, தண்டு விடவில்லை என்றால் கிழங்கு நெருக்கம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பிரித்து, 25 கிராமுக்குக் குறையாத கிழங்குகளை மட்டும் திரும்ப நடுங்கள். பொடிக் கிழங்கு அந்த வருஷம் பூக்காது. தோண்டும்போது தண்டின் அடியில் வெள்ளை நூலும், கடுகு போல் பழுப்பு மணிகளும் தெரிந்தால் அது தண்டழுகல் பூஞ்சை. அந்தக் குத்தை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், அந்த மணிகள்தான் அடுத்த வருஷத்துக்கான விதை.

மனோரஞ்சிதத்தில் பூவே இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பச்சை இலைக்குள் பச்சைப் பூ. கொக்கி போல் வளைந்த காம்புகளில் தேடிப் பாருங்கள், பூ அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் பழ வாசனை வரும். விதையிலிருந்து வந்த செடி என்றால் சில வருஷம் பொறுக்க வேண்டும். பதியன் வாங்குவது உத்தமம்.

பூக்கிறது, மணக்கவில்லை

மல்லி என்று சொல்லிக் கொடுத்த செடி குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, மூக்கில் வைத்தால் ஒன்றுமே இல்லை என்றால், அது காக்கட்டான். இலையைத் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். அதற்கு வைத்தியம் இல்லை, அது அப்படித்தான். மூன்று வருஷம் முன்பு ஒரு நர்சரியில் எனக்கும் இதைத்தான் மல்லி என்று தலையில் கட்டினார்கள். பூஜைக்கு ஆகும் என்று வைத்திருக்கிறேன்.

சம்பங்கியில் அடுக்குப் பூ பார்க்க அழகு, ஒற்றை இதழ்தான் மணம். சத்தியமங்கலம் பக்கம் வயல் வயலாக மாலைக்குப் போவதும் ஒற்றைதான். குண்டுமல்லி உண்மையான குண்டுமல்லியாகவே இருந்தும் வாசனை குறைவு என்றால் முகர்ந்து பார்த்த நேரத்தைக் கேட்பேன். அது சாயங்காலம் விரியத் தொடங்கி, இரவில்தான் மணத்தைக் கொட்டும். காலை பத்து மணிக்கு மொட்டை முகர்ந்துவிட்டுச் செடியைக் குறை சொல்ல முடியாது.

எருக்கு, மில்க்வீட்: இலை காணாமல் போகிறது

மற்ற செடிகளுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் வெள்ளெருக்கு இலையில் ஓட்டை விழுந்தபோது நான் செய்தது, வேப்பெண்ணெயைக் கலக்கி அடித்தது. என் மகள் அதற்கு முந்தின நாள்தான் புழுக்களை எண்ணி, பதினொன்று என்று நோட்டில் எழுதியிருந்தாள். மறுநாள் காலை எறும்புகள் அவற்றை வரிசையாக இழுத்துக்கொண்டு போயின. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பட்டாம்பூச்சி வரட்டும் என்று செடி வைத்துவிட்டு, வந்த பட்டாம்பூச்சியின் பிள்ளைகளைக் கொன்றிருக்கிறேன்.

புழுவின் உடம்பில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் மாறி மாறி இருந்து, முதுகில் மூன்று ஜோடி கறுத்த கொம்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வெந்தய வரியன். ஆரஞ்சு இறக்கையில் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளியும் வைத்த, நாம் தினமும் பார்க்கிற பட்டாம்பூச்சி. தாய் ஒவ்வொரு முட்டையாக இலையின் அடியில் ஒட்டும். புழு இரண்டு வாரம் போல் தின்னும், தின்னும், தின்னும். அப்புறம் பச்சையோ வெளிர் ரோஜா நிறமோ உள்ள கூடாகத் தலைகீழாகத் தொங்கும். கூட்டில் பொட்டு வைத்தது போல் சில தங்கப் புள்ளிகள் இருக்கும். ஒன்றரை வாரத்துக்குள் கூடு கறுத்து, உள்ளே இருக்கும் இறக்கை நிறம் வெளியே தெரிய ஆரம்பித்தால், மறுநாள் காலை காபியோடு போய் உட்காருங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. செடி மொட்டையானாலும் எருக்கு மறுபடி துளிர்க்கும். சின்ன மில்க்வீட் செடியில் ஐந்தாறு புழு இருந்தால்தான் சாப்பாடு பத்தாமல் போகும். அப்போது பெரிய எருக்கிலைக்கு மெதுவாக மாற்றி விடுங்கள். பக்கத்துத் தொட்டியில் மல்லிக்கு மருந்து அடிப்பதாக இருந்தால் எருக்கின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு அடியுங்கள். நான் இப்போது தொட்டிகளையே மாடியின் இரண்டு மூலைக்குப் பிரித்துவிட்டேன்.

இலையைக் கடிப்பது புழு இல்லை, மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் பட்டை போட்ட பெரிய வெட்டுக்கிளி என்றால் கதை வேறு. இது எருக்குக்கென்றே பிறந்த வெட்டுக்கிளி. பிடித்தால் ஒரு திரவத்தைப் பீய்ச்சும், முகத்தருகே வைத்துப் பார்க்க வேண்டாம். கையுறை போட்டுக் காலைக் குளிரில், அது மந்தமாக இருக்கும்போது, பிடித்து வேலிக்கு வெளியே தெருவோர எருக்கில் விட்டுவிடலாம்.

நுனித் தளிரிலும் பூக்காம்பிலும் பளீர் மஞ்சளில், கறுத்த காலோடு பொடிப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தால் அசுவினி. அரளியிலும் இதே மஞ்சள் அசுவினிதான் வரும். மருந்து எடுக்காதீர்கள், அதே செடியில் முட்டையும் குட்டிப் புழுவும் இருக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சுங்கள், அல்லது கையுறை விரலால் வழித்து எடுங்கள். நடுவே குட்டி முதலை மாதிரி சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுப் புள்ளியோடு ஒன்று ஊர்ந்தால் அதைத் தொடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினி தின்னத்தான் வந்திருக்கிறது. எறும்பு அதிகம் இருந்தால் அதை அண்டவிடாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் வைத்து அதன் மேல் ஏற்றுங்கள், எறும்பு வழி அடைபடும். கொசு வராமல் தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கொரு தடவை மாற்றுங்கள்.

பூவைச் சுற்றிப் பெரிய கருவண்டு ரீங்காரமிட்டால் பயப்பட வேண்டாம். எருக்குக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது பெரும்பாலும் அதுதான்.

எருக்கு தொட்டியில் மஞ்சளாகிச் சாகிறது

தரிசில், ரயில் பாதை ஓரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் செழிக்கிற செடி நம் தொட்டியில் சாகிறது என்றால் காரணம் நம் அன்புதான். தினமும் ஊற்றாதீர்கள். மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கும், ஒன்றரை அடிக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். பாதி மணல் கலந்த மண்.

தெருவோரத்தில் வளர்ந்த எருக்கைப் பிடுங்கி வந்து நட்டு, அது வாடிப் போனால் வேர் அறுந்ததுதான் காரணம். பஞ்சோடு பறக்கும் விதையைப் பிடித்துப் போடுங்கள். அல்லது பென்சில் பருமன் குச்சியை வெட்டி, வெட்டுவாயில் பால் காய ஒன்றிரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். வெட்டிய உடனே ஈர மண்ணில் செருகியது எனக்கு அழுகித்தான் போனது.

வீட்டில் எருக்கு முளைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எதிர்வீட்டு மாமி சொன்னார். விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் பூ கேட்டு வந்தவரும் அவர்தான்.

எருக்கம்பால் கண்ணில் பட்டுவிட்டது

இது செடிப் பிழை இல்லை, ஆனால் இந்தப் பட்டியலில் இதுதான் அவசரம். எருக்கம்பால் பட்டதும் பெரிய வலி இல்லாமல்கூட இருக்கலாம், அதனால்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் பார்வை புகைமூட்டம் போல் ஆகும். கருவிழியின் உள்அடுக்கு வரை பாதிக்கிற பால் இது. உடனே சுத்தமான ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், எருக்கம்பால் என்று பெயரைச் சொல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் விட வேண்டாம். பூ பறிக்கும்போது கையுறை, பறித்த கையால் முகத்தைத் துடைக்கக் கூடாது. குழந்தைகள் மொட்டை "டப்" என்று வெடித்து விளையாடுவார்கள், அப்போதும் பால் தெறிக்கும்.

இன்னும் சில, சுருக்கமாக

அரளி இலையடியில் வெள்ளிக் கண்ணாடி போல் பளபளக்கும் கூடு தொங்கினால் விட்டுவிடுங்கள், ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த பழுப்புப் பட்டாம்பூச்சி வரப்போகிறது. துளசி இலை சுருண்டு, அடியில் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் வலைப்பூச்சி. அந்தக் கிளைகளை ஒடித்து எறிந்துவிட்டு வேப்பெண்ணெய் தெளியுங்கள், கதிர் விட விட கிள்ளிவிடுங்கள். கணுக்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதை விட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. பவழமல்லி விடிகாலையில் பூவை எல்லாம் உதிர்த்துவிடுகிறதே என்று ஒருவர் கவலைப்பட்டார். அதன் சுபாவமே அது, கீழே ஒரு துணியை விரியுங்கள்.

மனோரஞ்சிதத்தின் வாசனைக்குப் பாம்பு வருமா என்றும் கேட்பார்கள். வாசனைக்கு வராது. அடர்ந்த புதரின் அடியில் எலியும் தவளையும் இருந்தால் அதற்கு வரும். கீழே ஒன்றரை அடி உயரத்துக்குக் கிளைகளை நீக்கி, தரை தெரிகிற மாதிரி பெருக்கி வையுங்கள்.

மரிக்கொழுந்து நன்றாக வந்து, பூத்து, ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது என்றால் நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதன் ஆயுளே நாலைந்து மாதம்தான். காய்ந்த தலையை உதறி விதையை ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். பழைய விதை முளைக்காது, அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்குள் போட்டுவிட வேண்டும்.